ஒரே தட்டு, நான்கு பிரதிகள்: எதை வைத்துக்கொள்வது?

ஈப்போ வட்டாரத்தில் தமிழர் வீட்டு டிவி அலமாரியைத் திறந்தால் பழைய டிவிடிகள் ஒரு கட்டாவது இருக்கும். அக்காள் கல்யாணம், தம்பி காதுகுத்து, தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தோட்டம் கைமாறும் முன் லயத்தில் கொண்டாடிய கடைசித் தீபாவளி. இவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் எண்ணம் உண்டு. வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை உட்கார்ந்ததும் குழப்பம் தொடங்கிவிடுகிறது. தட்டில் உள்ளதை அப்படியே இழுத்துப் போட்டால் 4.3 ஜிகாபைட்டில் ஒரு கோப்புறை வருகிறது. ‘ஐஎஸ்ஓ’ என்று எடுத்தால் அதே அளவில் ஒற்றைக் கோப்பு. ‘எம்கேவி’ என்றாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ‘எம்பி4’ ஆக மாற்றினால் மட்டும் 900 மெகாபைட்டில் முடிந்துவிடுகிறது. கைப்பேசியில் போட்டுப் பார்த்தால் நான்கிலும் அதே மணப்பெண், அதே நாதஸ்வரம். அப்படியானால் சின்னதை வைத்துக்கொண்டு பெரியதை அழித்துவிடலாமா?

அழிக்கக் கூடாது. ஐஎஸ்ஓதான் வீட்டில் இருக்க வேண்டிய பிரதி. மற்ற மூன்றையும் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எம்பி4-லிருந்து ஐஎஸ்ஓவுக்குத் திரும்பிப் போக வழியே கிடையாது. ஏன் என்று புரிய, தட்டுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படிக் கெடுகிறது, படம் எப்படிச் சுருக்கப்படுகிறது என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம். பேராக்கில் இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதன்பின் சுங்கை சிப்புட் முதல் கிந்தா பள்ளத்தாக்கு வரை எழுந்த தோட்டங்களில் நம் பாட்டன் பூட்டன்கள் பால் வெட்டினார்கள். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் தோட்டத் துண்டாடல் வந்தது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் இன்றில்லை. புகைப்படம் சில வீடுகளில் இருக்கும். ஆனால் லயத்து வாசலில் பாட்டி நடந்து வருவதும், அவள் பேசுவதும், கோயில் முன்னால் உறுமி அடிப்பதும் ஓடும் படமாக எங்கே இருக்கின்றன? 80களிலும் 90களிலும் விஎச்எஸ் நாடாவில் எடுத்ததை 2000களில் கடைக்காரர் டிவிடியாக மாற்றிக் கொடுத்தார். நாடாவில் பூசணம் பிடித்து, அதைத் தூக்கிப் போட்டாயிற்று. இப்போது அந்த டிவிடிதான் மூலம். அதற்குப் பின்னால் வேறொன்றும் இல்லை.

டிவிடி என்பது 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தட்டு. ஒற்றைத் தகடு போலத் தெரிந்தாலும், 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளைப் பசை போட்டு ஒட்டித்தான் அதைச் செய்கிறார்கள். உள்ளே, மையத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிச் சுருண்டு போகும் ஒரே ஒரு தடம். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி என்பதால் தடத்தை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வரும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் அதன் மேல் ஓடி, எங்கே ஒளி நன்றாகத் திரும்புகிறது, எங்கே மங்குகிறது என்று படிக்கிறது.

கடையில் வாங்கும் சினிமா டிவிடிக்கும் கல்யாண டிவிடிக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு இருக்கிறது. சினிமாத் தட்டில் அந்தக் குறிகள் தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகக் குத்தப்பட்ட பள்ளங்கள். வீடியோ கடைக்காரர் எழுதிக் கொடுத்த டிவிடி-ஆர் தட்டில் பள்ளம் கிடையாது. அங்கே இருப்பது ஒரு மெல்லிய கரிமச் சாயப் படலம். எழுதும் லேசரின் சூட்டில் அந்தச் சாயம் புள்ளி புள்ளியாக மாறுகிறது. மாறிய இடம் மங்கலாகவும் மாறாத இடம் பளிச்சென்றும் தெரிகிறது. உங்கள் அக்காள் கல்யாணம் முழுவதும் சாயத்தில் இருக்கிறது. சாயம் என்றால் வெயிலும் வெக்கையும் ஈரமும் அதற்கு ஆகாது என்று சேலை துவைக்கும் எவருக்கும் தெரியும்.

எவ்வளவு காலம் தாங்கும்? இருபது ஆண்டு காத்திருந்து பார்க்க ஆய்வாளர்களால் முடியாது. தட்டுகளை 80 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டிலும் கடும் ஈரப்பதத்திலும் வெப்ப அறைகளில் வைக்கிறார்கள். சில நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, எத்தனை பிழைகளோடு படிக்கிறது என்று எண்ணுகிறார்கள். சூடு குறையக் குறைய வேதிமாற்றம் எந்த வீதத்தில் மெதுவாகும் என்பது தெரிந்த கணக்கு. அதைக்கொண்டு சாதாரண அறை வெப்பத்துக்கு நீட்டிப் பார்க்கிறார்கள். இத்தகைய ஆய்வுகளை வைத்துக் கனடாவின் மரபுப்பொருள் பாதுகாப்புக் கழகம், வெள்ளிக் கலவை பூசிய சாதாரண டிவிடி-ஆருக்கு 10 முதல் 20 ஆண்டு என்று மதிப்பிடுகிறது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேடு, தட்டுகளை 4 முதல் 20 பாகைக்குள், 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறது. ஈப்போவில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் இந்த இரண்டில் ஒன்றுகூட ஒரு நாளும் அமையாது. 2005இல் எழுதிய தட்டு இன்னும் ஓடுகிறது என்றால் அது நல்ல செய்தி. அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

“நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்று திடீரென்று நின்றுவிட்டது” என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்போம். தட்டு திடீரென்று கெடுவதில்லை. மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டே வருகிறது. அந்தக் கேட்டை ஒரு கணக்கு மறைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கின் பெயர் பிழைதிருத்தக் குறிமுறை. தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் ஏட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் பிடிபடும்.

ஏட்டில் ஒரு வரிசைக்கு ஒரு தொழிலாளி, ஒரு பத்திக்கு ஒரு நாள். ஒவ்வொரு கட்டத்திலும் அன்று அவர் இறக்கிய பாலின் எடை. வரிசையின் கடைசியில் அவருடைய மாத மொத்தம். பத்தியின் அடியில் அந்த நாளின் மொத்தம். மழைச்சாரல் பட்டு ஒரு கட்டம் அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத மொத்தத்திலிருந்து மற்ற நாள்களைக் கழித்தால் அழிந்த எண் கிடைத்துவிடும். ஒரே வரிசையில் இரண்டு கட்டம் அழிந்தால் வரிசை மொத்தம் போதாது. ஆனால் அந்த இரண்டும் வேறு வேறு பத்திகளில் இருப்பதால் பத்தி மொத்தங்கள் கைகொடுக்கும். ஒருவருடைய வரிசை முழுவதும் நனைந்து போனாலும் ஒவ்வொரு பத்தியாகக் கழித்து அதைத் திரும்ப எழுதிவிடலாம்.

டிவிடியில் இதே ஏடுதான், இன்னும் வலுவாக. 192 வரிசை, வரிசைக்கு 172 பைட் என்று தரவை அடுக்குகிறார்கள். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் 10 சோதனை பைட். எல்லா வரிசைக்கும் கீழே 16 சோதனை வரிசை. வெறும் கூட்டல் மொத்தத்துக்குப் பதிலாக இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் இருவரும் 1960இல் வெளியிட்ட கணிதம் இங்கே வேலை செய்கிறது. எந்தக் கட்டம் அழிந்தது என்று சொன்னால்தான் கூட்டல் மொத்தம் உதவும். இவர்களுடைய முறையோ எந்தக் கட்டத்தில் தப்பான எண் இருக்கிறது என்பதையும் தானே கண்டுபிடிக்கும். ஒரு வரிசையில் 5 பைட் வரை தவறாக இருந்தால் தேடித் திருத்திவிடும். 16 வரிசைகள் அடியோடு போனாலும் மீட்டுவிடும். தடத்தின் வழியே அளந்தால் அது சுமார் 6 மில்லிமீட்டர் நீளக் கீறல். தட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் மையத்திலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கச் சொல்வது இதனால்தான். நேர்க்கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு முறை மட்டும் குறுக்கே வெட்டும். வட்டக் கீறல் ஒரே தடத்தோடு ஓடி ஏட்டையே விழுங்கிவிடும்.

ஆக, சாயம் மங்க மங்கப் பிழைகள் கூடும், கணக்கு திருத்திக்கொண்டே வரும், திரையில் ஒரு குறையும் தெரியாது. திருத்தும் எல்லையை ஒரு நாள் தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். இதை ஊகமாகச் சொல்லவில்லை. சில டிவிடி எழுதிகள், திருத்துவதற்கு முன் வந்த பிழைகளின் எண்ணிக்கையை வெளியே சொல்லும். புதுத் தட்டில் அடுத்தடுத்த 8 ஏடுகளுக்கு 280 பிழை வரிசைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தரவிதி. பழைய தட்டை இப்படி அளந்து வரைபடம் போட்டால், பெரும்பாலும் உள்பக்கம் தாழ்ந்தும் வெளிவிளிம்பில் மேலேறியும் தெரியும். விரல் படுவதும் ஈரம் நுழைவதும் விளிம்பில்தான். தடம் மையத்திலிருந்து தொடங்குவதால் விளிம்பில் இருப்பது படத்தின் கடைசிப் பகுதி. தாலி கட்டும் வரை நன்றாக ஓடி, அதற்குப் பிறகு நின்றுவிடும் தட்டுகளின் கதை இதுதான்.

இனி நான்கு வழிகளுக்கு வருவோம்.

கோப்புறையை இழுத்துப் போடுவது தவறல்ல. தட்டு நலமாக இருந்தால் படத்தின் ஒவ்வொரு பைட்டும் வந்துவிடும். உள்ளே ‘விஓபி’ என்ற முடிவோடு ஒவ்வொன்றும் 1 ஜிகாபைட்டுக்கு மிகாத கோப்புகள் படத்தைத் தாங்கி நிற்கும். எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு ‘ஐஎஃப்ஓ’ கோப்பில். அதே குறிப்பு ‘பியூபி’ என்ற பெயரில் தட்டின் வேறோரிடத்தில் இன்னொரு தடவையும் எழுதப்பட்டிருக்கும்; தட்டை வடிவமைத்தவர்களே காப்புப் பிரதி தேவை என்று எண்ணியிருக்கிறார்கள். சிக்கல், தட்டு நலமில்லாதபோது வருகிறது. ஒரு விஓபி கோப்பில் படிக்க முடியாத ஒரே ஒரு துண்டு இருந்தாலும் கணினி அந்தக் கோப்பையே பாதியில் விட்டுவிடும். 2 கிலோபைட் கெட்டதற்காக ஒரு ஜிகாபைட்டை இழப்பது நியாயமே இல்லை.

ஐஎஸ்ஓ என்பது பிம்பக் கோப்பு. கோப்பு, கோப்புறை என்று பார்க்காமல், தட்டை முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை வரிசையாகப் படித்து அப்படியே ஒரே கோப்பில் வைப்பது. ஒரு துண்டு 2,048 பைட். இதற்கு ‘ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருளைத்தான் நான் சிபாரிசு செய்வேன். அது படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. அதைத் தாண்டிப் போய் எளிதாக வருவதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, பிறகு விடுபட்ட இடங்களுக்குத் திரும்பி வருகிறது. பின்பக்கமிருந்தும் படித்துப் பார்க்கிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு சிறு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. அந்தக் கோப்பு கையில் இருந்தால் இன்று பாதியில் நிறுத்தி நாளை தொடரலாம். வேறு கணினியின் டிவிடி இயக்கியில் போட்டும் தொடரலாம். ஓர் இயக்கிக்குப் படியாத துண்டு இன்னொன்றுக்குப் படிவது சாதாரணமாக நடப்பதுதான்.

கல்யாணத் தட்டுகளுக்கு இதில் ஒரு தனி ஆதாயம் உண்டு. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று கடைக்காரர் கொடுத்திருப்பார். இரண்டையும் பெரும்பாலும் ஒரே மூலத்திலிருந்துதான் எழுதியிருப்பார். உங்கள் தட்டில் விடுபட்டதைச் சம்பந்தி வீட்டுத் தட்டிலிருந்து, அதே வரைபடக் கோப்பைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம். இரண்டிலும் நன்றாகப் படியும் பகுதிகள் பைட்டுக்குப் பைட் ஒத்துப் போகின்றனவா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ஒத்துப் போனால், தனித்தனியே தேறாத இரண்டு தட்டுகள் சேர்ந்து ஒரு முழுப் படத்தைக் கொடுக்கும். பல ஆண்டாகப் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தியாக இருந்தாலும் இதற்காகக் கேட்டுப் பார்க்கலாம் என்பேன்.

எம்கேவி வழியில், தட்டில் இருக்கும் படத்தையும் ஒலியையும் தொடாமல், உறையை மட்டும் மாற்றுகிறார்கள். தரம் துளியும் குறையாது. மெனுப் பக்கம் போய்விடும். கடைக்காரர் பாட்டுப் போட்டுச் செய்து கொடுத்த அந்த ரோஜாப்பூ மெனு பலருக்கு வேண்டாததுதான் என்றாலும், அதுவும் அந்தக் காலத்தின் கைவேலை. தொலைக்காட்சியில் பார்க்க இது வசதியான வடிவம்.

எம்பி4 மட்டும் வேறு ரகம். அது படத்தையே திரும்ப எழுதுகிறது. மலேசியத் தொலைக்காட்சி முறையில் ஒரு படச் சட்டம் 720-க்கு 576 புள்ளி. நொடிக்கு 25 சட்டம். சுருக்காமல் வைத்தால் நொடிக்குச் சுமார் 124 மெகாபிட் ஆகும். இரண்டு மணி நேரக் கல்யாணத்தை 4.7 ஜிகாபைட் தட்டில் அடக்க நொடிக்கு 5 மெகாபிட்தான் கிடைக்கும். அதாவது கடைக்காரர் எழுதும்போதே 24இல் 23 பங்கைக் கழித்தாயிற்று. எம்பெக்-2 என்ற அந்தச் சுருக்க முறை, படத்தை 8-க்கு 8 புள்ளிச் சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்விவரங்களை முரட்டுத்தனமாகத் தோராயமாக்கிவிடுகிறது. முழுச் சட்டம் அரை நொடிக்கு ஒன்றுதான். இடையில் உள்ளவற்றுக்கு முன்னதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறிக்கிறது.

ஏற்கெனவே இப்படி நறுக்கியதை எம்பி4-இல் எச்.264 என்ற புதிய முறைக்கு மாற்றும்போது இன்னொரு நறுக்கல் நடக்கிறது. எச்.264 உண்மையில் திறமையான முறை. தெளிவான படத்தைப் பாதி இடத்தில் கொடுத்துவிடும். ஆனால் விஎச்எஸ் நாடாவிலிருந்து வந்த படத்தில் புள்ளி புள்ளியாக ‘பனி’ இருக்கும். அது ஒழுங்கே இல்லாத இரைச்சல். ஒழுங்கில்லாததைச் சுருக்க முடியாது. சுருக்கும் மென்பொருளுக்கு எது இரைச்சல், எது பாட்டி முகத்துச் சுருக்கம் என்று தெரியாது. இடம் போதாதபோது இரண்டையும் சேர்த்தே வழித்துவிடும். என்ன போயிற்று என்று பார்க்கவும் வழி உண்டு. ஐஎஸ்ஓவிலிருந்து ஒரு சட்டம், எம்பி4-லிருந்து அதே சட்டம். ஒன்றிலிருந்து மற்றதைப் புள்ளிக்குப் புள்ளி கழிக்க வேண்டும். ஒன்றும் போகவில்லை என்றால் மிச்சம் முழுக் கறுப்பாக இருக்கும். சேலையின் சரிகை, கொண்டையில் மல்லிகை, அரும்பு மீசையின் ஓரம் ஆகியவை கறுப்பில் கோடுகளாகத் தெரிந்தால் இழந்தவை அவைதான்.

சுருக்கத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பழைய வீடியோ கேமரா நொடிக்கு 25 முழுப்படம் எடுக்கவில்லை. 50 அரைப்படம் எடுத்தது. முதலில் ஒற்றைப்படை வரிகள் மட்டும், நொடியில் 50இல் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள் மட்டும். இரண்டையும் பின்னி ஒரு சட்டமாக வைத்தார்கள். இதை வரிப்பின்னல் எனலாம். பழைய குழாய்த் தொலைக்காட்சி வரிகளை அதே வரிசையில் காட்டியது, குறை தெரியவில்லை. கணினித் திரை இரண்டு அரைப்படங்களையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் தைப்பூச ஊர்வலத்தின் பழைய படம் இருந்தால், காவடி ஆடும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். நிற்பவர்கள் தெளிவாக இருப்பார்கள். ஆடுபவரின் கையும் மயிலிறகும் சீப்புப் பற்களாகப் பிளந்திருக்கும். அந்த இரண்டு வரிக்கூட்டமும் இரண்டு வேறு கணங்கள்.

எம்பி4 ஆக்கும் மென்பொருள் இந்தப் பின்னலைப் பிரித்தாக வேண்டும். பல மென்பொருள்கள் சும்மா விட்டால் 50 கணங்களை 25 ஆக்கிவிடும். உறுமிக்காரரின் குச்சி தோலில் படும் கணம் அப்படியே காணாமல் போகலாம். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு அரைப்படத்தையும் தனிச் சட்டமாக்கி, நொடிக்கு 50 சட்டமாக எழுதும் தேர்வு இருக்கிறது. எம்பி4 எடுப்பவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பின்னல் பிரிக்கும் முறைகள் ஆண்டுதோறும் முன்னேறி வருகின்றன. பின்னல் கலையாத ஐஎஸ்ஓ கையில் இருந்தால் பத்து ஆண்டு கழித்து வரும் நல்ல முறையையும் பயன்படுத்திக்கொள்ளலாம். இன்று மோசமாகப் பிரித்துவிட்டால் கதை முடிந்தது.

சினிமா டிவிடிகள் வேறு விவகாரம். அவற்றில் 40 பிட் சாவியுள்ள மறையாக்கப் பூட்டு இருக்கும். அது வலுவில்லாத பூட்டு என்பது 1999லேயே வெளிப்பட்டுவிட்டது. ஆனால் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் இத்தகைய பூட்டுகளை உடைப்பதைத் தடுக்கிறது. நம் வீட்டுத் தட்டுகளில் பூட்டு இல்லை, அவற்றை எடுப்பதில் தயக்கமும் வேண்டாம். சினிமாத் தட்டு போனால் அந்தப் படம் உலகில் வேறெங்காவது இருக்கும்.

பிரதி எடுத்த பின் அது சரியா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஷா-256 போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட வேண்டும். கோப்பின் எல்லா பைட்டையும் கலந்து பிழிந்து 64 எழுத்தில் தரும் எண் அது. ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். தட்டை இரண்டு முறை தனித்தனியே படித்து, இரண்டு ஐஎஸ்ஓவுக்கும் ஒரே எண் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். அந்த எண்ணை ஒரு உரைக்கோப்பில் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு திரும்பக் கணக்கிட்டால் ஹார்ட் டிஸ்க் ஏதாவது சேட்டை செய்ததா என்று அதே எண் சொல்லிவிடும்.

இடம் பெரிய செலவல்ல. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் நிரம்பிய டிவிடி இருநூறுக்கு மேல் அடங்கும். அப்படி இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வைக்க வேண்டும். ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு பிரதியும் ஒரே வெள்ளத்தில் போகும். கோப்புக்கு ‘தட்டு-7’ என்று பெயர் வைக்காதீர்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, நிகழ்ச்சி, முடிந்தால் யார் வீட்டு விசேஷம் என்பதும் பெயரிலேயே இருக்கட்டும். தட்டின் மேல் மார்க்கர் பேனாவில் எழுதியிருப்பதையும் உறையையும் கைப்பேசியில் படம் பிடித்துக் கூடவே சேருங்கள். எந்த ஐஎஸ்ஓவிலும் அது வராது. பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்து, படத்தில் வருபவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்வது தட்டை எடுப்பதைவிட அவசரமான வேலை. வாட்ஸ்அப்பில் அத்தைக்கு அனுப்ப எம்பி4 தாராளமாகச் செய்துகொள்ளலாம், ஐஎஸ்ஓவிலிருந்து.

கட்டில் எதை முதலில் எடுப்பது என்றால்: விஎச்எஸ்-லிருந்து மாற்றியவை முதலில், அவற்றுக்கு வேறு மூலம் இல்லை என்பதால். அடுத்து, பெயர் அச்சிடாத மலிவுத் தட்டுகள், ஜன்னலோரம் வெயிலில் கிடந்தவை. தட்டைத் திருப்பிப் பார்த்தால் எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் நிறத்தில் சற்று வேறுபடும். எழுதியது விளிம்பு வரை போயிருந்தால் அதுவும் முன்வரிசைக்கு வர வேண்டும். கேமராவிலேயே நேராக எழுதிய 8 சென்டிமீட்டர் குட்டித் தட்டுகளைக் கணினி ‘காலி’ என்று காட்டினால் எறிந்துவிடாதீர்கள். எழுதி முடித்ததற்கான இறுதி முத்திரை போடப்படாததால் அப்படிக் காட்டும். அதை எழுதிய கேமரா வீட்டில் இன்னும் இருந்தால் அதில் போட்டு முத்திரையிட்டபின் மற்றத் தட்டுகளைப் போலவே பிம்பம் எடுத்துவிடலாம்.